இடுப்புக் கயிறு

"லொள்! லொள்!"

வேலிக்கு அந்தப் பக்கம் குரைத்தது நாய் இல்லை. எழுபது வயது ஒயமதா.

"என்ன தொகுஜி, இயந்திரம் உன்னை வாக்கிங் கூட்டிட்டுப் போகுதா?"

தொகுஜி இயந்திரத்தின் பின்னாலேயே நடந்தார். பனி அள்ளும் இயந்திரத்தை இந்த வாரம்தான் வாங்கியிருந்தார். அதன் சாவியிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு வந்து அவர் பெல்ட்டில் கொக்கி போட்டு நின்றது. ஆள் விழுந்தால் கயிறு சாவியைப் பிடுங்கிவிடும். இன்ஜின் நின்றுவிடும்.

"மாட்டாம ஓட்டக் கூடாதுங்கய்யா. ஓட்டவே கூடாது" என்று கடைக்காரர் மந்திரம் ஓதுவதுபோல் ராகம் இழுத்திருந்தார்.

தெருவுக்கு அதெல்லாம் பொருட்டா? எதிர்வீட்டுத் தோஃபு கடை யாயெகோ தன் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து, "எலும்பு இல்லே. தோஃபு போட்டா சாப்பிடுமா?" என்று கீச்சுக்குரலில் கேட்டாள். தெருச் சங்கத் தலைவர் மொகாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். கூட்டத்தில் பேசுகிற அதே குரல்.

"நாய் வளர்ப்போர் கவனத்துக்கு..."

தெருவே சிரித்தது.

மறுநாள் தொகுஜி கொக்கியை மாட்டவில்லை. மனைவி கினுகோ கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"கயிறு எங்கே?"

"சும்மா இரு. மானம் போகுது."

"மானம் போனா போகட்டும். கால் போனா? நானா உங்களைத் தூக்கிட்டுத் திரியறது?"

"வேற யாராவது கட்டியிருக்காங்களா? நீயே பாரு! ஒருத்தர் இடுப்பிலயாவது தெரியுதா?"

கினுகோ எட்டிப் பார்த்தாள். தெரியவில்லைதான். முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

கையை எடுத்ததும் இயந்திரத்தை நிறுத்தும் பிடி ஒன்றும் உண்டு. அதை அழுத்திக்கொண்டே இருந்தால் விரல் விறைத்துப்போகிறது என்று, அந்தத் தெருவில் எல்லோரும் ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். தொகுஜியும் கட்டினார்.

வாசலோரம் இயந்திரத்தைப் பின்னால் எடுத்தபோது கால் வழுக்கியது. மல்லாந்து விழுந்தார்.

இயந்திரம் நிற்கவில்லை. அவர் பூட்ஸ் மேல் ஏறி முழங்காலை நோக்கி வந்தது. முதுகுக்குப் பின்னால் பனிச்சுவர். நகர இடமில்லை.

"ஐயோ!"

அத்தனை இன்ஜின் இரைச்சலில் அது யாருக்குக் கேட்கும்? ஆனால் ஒயமதா பார்த்துவிட்டார்.

"ஏய்! தொகுஜி விழுந்துட்டான்!"

அலறிக்கொண்டே வேலியைத் தாண்டினார். யாயெகோ ஓடி வந்தாள். மொகாமி ஓடி வந்தார். ஒயமதா பாய்ந்து சாவியைப் பிடுங்க, மற்ற இருவரும் தொகுஜியின் காலை இழுத்து எடுத்தார்கள்.

"விரலை ஆட்டுய்யா! ஆடுதா?"

"ஆடுது... ஆடுது."

பூட்ஸ் கிழிந்திருந்தது. கணுக்கால் வீங்கியிருந்தது. அவ்வளவுதான்.

மூச்சு சீரானதும்தான் தொகுஜிக்கு உறைத்தது. தெருவில் சத்தமே இல்லை. அவர் இயந்திரம் நின்றது சரி. பிடியைக் கட்டிப்போட்டு ஓட்டியவர்கள், அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்கள். அவர்களுடைய இன்ஜின்கள் எப்படி நின்றன?

படுத்தபடியே, தன்னைச் சுற்றிக் குனிந்து நின்றவர்களை அண்ணாந்து பார்த்தார்.

மூன்று பேரின் கோட்டுக்கு அடியிலும் ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது. ஒவ்வொன்றின் நுனியிலும் பிடுங்கிக்கொண்டு வந்த சாவி ஆடிக்கொண்டிருந்தது.