கலரா, கருப்பு வெள்ளையா?

"ஊரே கலர்ல பார்க்குது, நமக்கு மட்டும் கருப்பு வெள்ளை. இந்தக் கம்ப்யூட்டர் மேடத்துக்கு ரசனைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

பில் போடும் அக்கா ஆரம்பித்து வைக்க, மருந்துக் கிடங்கு மொத்தமும் பிடித்துக்கொண்டது.

"இனிமே எனக்குக் கனவுகூட கருப்பு வெள்ளையிலதான் வரும்" என்றார், பேக்கிங்கில் எல்லோரும் மாப்பிள்ளை என்று கூப்பிடும் ஆள்.

விஷயம் இதுதான். கிடங்கின் இருப்புக் கணக்கெல்லாம் ஒரு பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் இருக்கிறது. படம் கிடையாது, மவுஸ் கிடையாது, வெறும் எழுத்து. அதோடு பேசிக்கொண்டிருந்த பழைய டெர்மினல்கள், அதாவது திரையும் கீபோர்டும் மட்டும் உள்ள பெட்டிகள், ஒவ்வொன்றாக மண்டையைப் போட, புது கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றைப் பழைய டெர்மினல் மாதிரி நடிக்க வைக்க எமுலேட்டர் என்று ஒரு சாஃப்ட்வேர் தேவை.

சோதனைக்கு இரண்டு வந்தன. ஒன்றில் நல்ல மருந்து பச்சை எழுத்தில், காலாவதியானது சிவப்பில். இன்னொன்றில் எல்லாமே கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து. காலாவதியான வரிக்கு மட்டும் வெள்ளைப் பட்டையில் கருப்பு எழுத்து.

ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, மேடம் இரண்டாவதை எடுத்துவிட்டார். அதற்குத்தான் இந்த அர்ச்சனை.

வாயைத் திறக்காதவர் கிடங்குப் பொறுப்பாளர் மட்டும்தான். எல்லோருக்கும் அவர் அண்ணன்.

அண்ணனுக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் ஒன்று. இதுவரை யாரிடமும் மூச்சு விட்டதில்லை. தெரிந்தால் மருந்துப் பக்கமே சேர்க்க மாட்டார்கள் என்று பயம். சோதனை வாரம் முழுக்க, "கண்ணாடியை மறந்துட்டேன், கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்கப்பா" என்றே ஓட்டினார். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தவருக்கு, மேடத்தின் முடிவு பாலை வார்த்தது.

தன்னைக் காப்பாற்றியவர் இப்படித் திட்டு வாங்குகிறாரே என்று மனசு கேட்கவில்லை. மேடத்தின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"மேடம், உங்களுக்கு நன்றி சொல்லணும்."

"நன்றியா? வர்றவங்க எல்லாம் திட்டிட்டுத்தானே போறாங்க. உட்காருங்க சார்."

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"கலர் வந்திருந்தா நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியதுதான். எப்படியோ கண்டுபிடிச்சு, என்னைக் காட்டிக் கொடுக்காம, கெட்ட பேரை நீங்க வாங்கிக்கிட்டீங்க. உயிர் இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேன் மேடம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சார், இந்த விஷயம் நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும். என் இஷ்டத்துக்கு விட்டிருந்தா நான் கலரைத்தான் எடுத்திருப்பேன்."

"அப்போ ஏன் மேடம் இதை எடுத்தீங்க?"

வெளியே பில் போடும் அக்காவின் குரல் இன்னும் ஓயவில்லை. மேடம் அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

"அதோ, அந்த அக்காதான் முதல்ல வந்து கருப்பு வெள்ளையே போடச் சொன்னாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா எல்லாருமே வந்துட்டாங்க. காரணம் கேட்டேன், ஒருத்தரும் சொல்லலை. 'நீங்களா எடுத்ததாவே இருக்கட்டும் மேடம், நாங்க வெளியில உங்களைத் திட்டிக்கறோம், அண்ணனுக்கு மட்டும் சந்தேகம் வந்துடக் கூடாது'ன்னாங்க."