செருப்பு எப்படி வந்தது?

“பாருங்க மக்களே! போன ஷாட்ல பாப்பா வெறுங்கால். இந்த ஷாட்ல கால்ல செருப்பு! அதுவும் பெரிய பொம்பள செருப்பு. டைரக்டரு தூங்கிட்டாரா?”

போனைப் பார்த்துச் சிரித்தார் லாரன்ஸ். மின்வாரியத்தில் ரிட்டையர் ஆனதும் ‘பூதக்கண்ணாடி’ என்று ஒரு சேனல் ஆரம்பித்தவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சினிமாவில் தப்பு தேடுவதுதான் இப்போது அவர் உத்தியோகம். இந்த முறை சிக்கியது, மனநிலை பாதித்த ஒரு சிறுமியைப் பற்றிய த்ரில்லர். அவர் சொந்த ஊரான செஞ்சிக் கோட்டையிலேயே எடுத்த படம். சும்மா விடுவாரா?

சிறுமியின் வலது கையில் இருந்த கட்டு இடது கைக்குத் தாவியதைப் பிடித்தார். மனநல ஆஸ்பத்திரி என்று காட்டியது நம்ம கோட்டை நெற்களஞ்சியம்தான் என்று போட்டு உடைத்தார்.

“ஏங்க, சாப்பாடு ஆறுது,” என்றாள் மனைவி ஜோசப்பின்.

“ஷ்ஷ்! ரெக்கார்டிங் போய்க்கினு இருக்குது.”

அவர் தட்டை மூடி வைத்துவிட்டு அவள் சாப்பிட்டாள். மகன் துபாய்க்குப் போனபிறகு வீட்டில் இரண்டே பேர். அதில் ஒருத்தர் பேசுவதும் போனோடுதான். தனியாகச் சாப்பிடுவது அவளுக்குப் பழகிவிட்டது, பிடித்துவிடவில்லை.

மறுநாள் கமெண்டுகள் குவிந்தன. ‘அண்ணே, உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது!’

லாரன்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. நடுவில் ஒன்று, அந்தச் சிறுமியாக நடித்த குழந்தையின் அம்மா போட்டது. சத்தமாகவே படித்தார்.

‘சார், அது தப்புதான். உச்சி வெயில்ல கோட்டை ராஜகிரி மலைப் பாறை கொதிச்சது. என் பொண்ணு கால் சுட்டு அழுதா. வேடிக்கை பார்க்க வந்த ஒரு அம்மா தன் செருப்பைக் கழட்டி மாட்டிவிட்டு, வெறுங்காலோட இறங்கிப் போயிட்டாங்க. அவசரத்துல டைரக்டர் அப்படியே ஷூட் பண்ணிட்டாரு. நன்றி சொல்ல அவங்கள இன்னும் தேடறோம்.’

லாரன்ஸ் அதை இன்னொரு முறை படித்தார். மனுஷர் கெட்டவர் இல்லை.

“கேட்டியா ஜோசப்பின்? நம்ம ஊர்ல இப்படி ஒரு புண்ணியவதி! யாருன்னு கண்டுபிடிச்சு வீடியோ போட்டே ஆவணும். இப்பவே போய் விசாரிக்கிறேன்.”

“வெயில்ல எங்கியும் அலையாதீங்க.”

“உனக்கு இதெல்லாம் எங்க புரியப்போவுது? அந்தப் பாறையில வெறுங்காலோட எறங்குனா கால் இன்னாத்துக்கு ஆவும்? கொப்புளம் கொப்புளமா வந்திருக்கும். ஷூட்டிங் அப்ப நொண்டிக்கினு திரிஞ்சது யாருன்னு ஊர்ல கேட்டா தெரிஞ்சிடும்.”

ஜோசப்பின் சோற்றுத் தட்டை அவர் முன்னால் வைத்தாள்.

“ஊர்ல எதுக்குக் கேக்கறீங்க? அப்ப ஒரு வாரம் உங்க முன்னாடிதான் நொண்டி நொண்டி வந்து சோறு வச்சேன்.”