திருநீறு போட்டுத் தேய்த்த பதக்கம்

ராணுவ அருங்காட்சியகத்துக்குப் புதிதாக வந்த ஒரு வெள்ளிப் பதக்கமும் நசுங்கிய தண்ணீர்க் குடுவையும் மேஜைமேல் காத்திருந்தன.

"நீ எங்கேருந்து வர்றே?" என்றது பதக்கம்.

"காயலான் கடையிலேருந்துங்க."

பதக்கம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது. "நான் நல்ல குடும்பம். ஆயுத பூஜை தவறாம திருநீறு போட்டுத் தேய்ப்பாங்க. பளபளப்பைப் பார்த்தியா?"

"என்னை யாரும் குளிப்பாட்டினதே இல்லீங்க" என்றது குடுவை.

காப்பாளர் அம்மா கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். குடுவையைத் திருப்பினார். அழுக்குக்கு அடியில் ஆணியால் கீறிய ஒரு பெயர் தெரிந்தது: சிப்பாய் மாசிலாமணி. துடைக்காமல் அப்படியே கண்ணாடிப் பேழைக்குள் வைத்தார்.

பிறகு பதக்கத்தின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வீரரோட பேரை இங்கேதான் பொறிச்சிருப்பாங்க. தேய்ச்சே அழிச்சிட்டாங்களே!" என்று உச்சுக்கொட்டி, அதை இழுப்பறையில் போட்டு மூடப் போனார்.

"இருங்கம்மா, நானே சொல்றேன்!" என்று பதக்கம் அவசரமாக வாயைத் திறந்தது. தேய்த்தவர்கள் பெயரெல்லாம் வரிசையாக வந்தது: மரகதம், தனக்கோடி, கடைக்குட்டி சுகந்தி. போருக்குப் போனவன் பெயர் மட்டும் வரவில்லை. அதுதான் தன் விளிம்பிலேயே எழுதியிருக்கிறதே என்று பதக்கம் அதை மனப்பாடம் செய்துவைக்கவே இல்லை.