பித்தளை வளையம்

கடைசித் திருகாணி பிடித்துக்கொண்டது.

அவள் இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டு மூச்சு விட்டாள்.

இருபதடி உயரம். பழைய வள்ளத்தின் பாய்மரம். ஏறுவதற்கு இரும்புக் கம்பிகள் அடித்திருந்தார்கள். உச்சியில் வீட்டுக்குக் கரண்டு எடுக்க அவர்களே செய்த காற்றாடி. அதன் இறக்கைகளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். வெயில் ஏறிக் காற்று எழும்புவதற்குள் வேலை முடிய வேண்டும்.

அவள் இடுப்பிலும் ஒரு கயிறு. அது உச்சிக் கப்பி வழியாகக் கீழே இறங்கி, கணவனின் கையில் முடிந்தது. நான்தான் ஏறுவேன் என்று நேற்றெல்லாம் சண்டை போட்டவன். இன்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

காற்று திசை மாறினால் காற்றாடியின் தலை திரும்பும். தலையோடு, கரண்டைக் கீழே கொண்டுவரும் ஒயரும் மரத்தைச் சுற்றும். சுற்றிச் சுற்றி இறுகும். அறுந்துபோவதற்குள் யாராவது ஏறிப் பிரித்துவிட வேண்டும்.

ஏறுகிறவன் அவன்.

முன்பு சங்கு குளித்தவன். மூன்று வருடத்துக்கு முன் காதில் ரத்தம் வந்தது. இனி கடல் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். அதற்குப் பிறகு நின்ற இடத்திலேயே சில நேரம் தலை சுற்றும். போன ஐப்பசியில், மழைக்காற்றில் ஏறியவன் பாதியிலிருந்து விழுந்தான். மணலாக இருந்ததால் பிழைத்தான்.

மறுநாளே மறுபடி ஏறினான்.

அன்றைக்குத்தான் அவள் டவுனுக்கு பஸ் ஏறினாள். மோட்டாருக்கு காயில் கட்டுகிற கடையில் போய் உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரர் பழைய மோட்டார் ஒன்றைப் பிரித்து ஸ்லிப் ரிங்கைக் காட்டினார். உங்களுக்கு இரண்டு பித்தளை வளையமும் மிக்சி கார்பன் இரண்டும் போதும் என்றார். வளையம் தலையோடு சுற்றும். கார்பன் மரத்தோடு நின்று வளையத்தை உரசிக்கொண்டிருக்கும். ஒயருக்கு அசைய வேண்டிய வேலையே இல்லை.

இதை மாட்டிவிட்டால் ஐந்து வருடத்துக்கு யாரும் ஏற வேண்டாம் என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் போயிருந்தாள்.

இப்போது காற்றாடியின் தலையைக் கையால் தள்ளினாள்.

ஒரு சுற்று. இன்னொரு சுற்று. மூன்றாவது.

ஒயர் தொங்கியது தொங்கியபடி இருந்தது.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இனி மழைக்காற்றில் இவன் ஏற வேண்டாம். தான் கீழே நின்று மாதாவைக் கூப்பிட வேண்டாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

கடல்.

வீட்டிலிருந்து அது தெரியாது. மணல்மேடும் தாழம்புதரும் மறைத்துவிடும். சத்தம் மட்டும்தான் வரும். இங்கே ஒன்றும் மறைக்கவில்லை. தூரத்தில் சங்கு வள்ளங்கள் நின்றன. பச்சைக் கோடு போட்டது அவள் தம்பி கஸ்பாருடையது. கணவன் மூழ்கியதெல்லாம் அதிலிருந்துதான். அவன் இடுப்பில் கயிறு, மறுமுனை கஸ்பார் கையில். மைத்துனன்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அக்காவைத் தாலியறுக்க விடுவானா தம்பி?

மேல் கம்பியில் ஏதோ கட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தாள். மடித்துக் கட்டிய சாக்கு. கடலைப் பார்த்து உட்காருவதற்கு.

ஐந்து நிமிட வேலைக்கு அரைமணி நேரம் எடுப்பான். ஒயர் முறுக்காத நாளிலும் ஏறுவான். அங்கே என்ன முட்டையா போட்டிருக்கு என்று எத்தனை முறை திட்டியிருக்கிறாள்.

சாக்கை அவிழ்க்காமல் இறங்கினாள்.

இறக்கையைக் கட்டியிருந்த கயிற்றைக் கீழிருந்து இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்தது. காற்றாடி சுற்றியது. பகல் வெளிச்சத்தில் அடுப்படி பல்பு எரிந்தது. தலை மெல்லக் கிழக்கே திரும்பியது. ஒயர் அசையவில்லை.

அவன் அண்ணாந்து வெகுநேரம் பார்த்தான்.

"அப்போ இனி ஏற வேண்டாம்," என்றான். சிரிக்கவும் செய்தான்.

அவள் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"கார்பன் தேயும்ல. மாசத்துக்கு ஒருக்கா ஏறிப் பாக்கணும்."

"கடைக்காரரா சொன்னாரு?"

"ஆமா. காத்தில்லாத காலையில."

அவிழ்த்த முனையை அவனிடம் நீட்டினாள். அவன் கையிலிருந்த முனையை வாங்கித் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.