துணிக் கிடங்கில் ஒரு பாய்

கிடங்கில், துணிச் சுருள்களுக்குப் பின்னால் பாயில் சுருண்டு கிடந்த தையல்காரியைச் சூப்பர்வைசர் கையும் களவுமாகப் பிடித்தாள்.

“நல்லா இருக்கே! கம்பெனியில தூக்கமா?”

தையல்காரி பதறி எழுந்தாள்.

“சாப்பாட்டு நேரத்துலதான் மேடம். எண்டோமெட்ரியோசிஸ்னு கர்ப்பப்பை சம்பந்தமான வியாதி. வலி ஒரு பக்கம், எவ்வளவு தூங்கினாலும் தீராத அசதி ஒரு பக்கம். கால் மணி நேரம் சாய்ஞ்சாத்தான் சாயங்காலம் வரைக்கும் மிஷின் மிதிக்க முடியுது. வேலையை விட்டுத் தூக்கிடாதீங்க.”

“பாய் யாரோடது?”

“தெரியல மேடம். இங்கேதான் சுருட்டி வெச்சிருந்துச்சு.”

சூப்பர்வைசர் கதவைச் சாத்தினாள். மேலடுக்கில் கையை விட்டு ஒரு தலையணையை எடுத்து நீட்டினாள்.

“இதை ஏன் விட்டுட்டே? ரெண்டும் என்னோடதுதான். எனக்கும் அதே வியாதி, பன்னிரண்டு வருஷமா. இதோடதான் சூப்பர்வைசர் ஆனேன்.”

தையல்காரி தலையணையை வாங்கிக்கொண்டு அவளையே பார்த்தாள்.

“முழிக்காதே, படு. நான் வாசல்ல காவல் இருக்கேன். நாளைக்கு நான் படுப்பேன், நீ காவல்!”