புளிப்பு மாத்திரை

கருவியில் எண் ஆறைத் தாண்டியும் நிற்கவில்லை.

ஏழு. எட்டு. எட்டரைக்குப் போய் நின்றதும் சிவப்பு விளக்கு எரிந்தது.

தொட்டிக்காரர் உட்கார்ந்திருந்த அறைக்கு இரண்டு கதவுகள். வெளிக்கதவு அவர் நுழைந்ததுமே சாத்திக்கொண்டது. உள்ளே போகும் கம்பிக்கதவு, பச்சை விளக்கு எரிந்தால்தான் திறக்கும்.

பதினாறு வருடமாக முலாம் பூசும் கொட்டகையில் அமிலத் தொட்டிக்குள் இரும்பை இறக்கி ஏற்றுகிறவர். சோற்றைவிடப் புகையைத்தான் அதிகம் தின்றிருக்கிறேன் என்று தன்னைத் தானே கேலி செய்துகொள்வார்.

திங்கள்தோறும் இந்தச் சோதனை. நகத்தளவு பட்டை ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்து எச்சிலில் நனைத்து எடுப்பார்கள். அதன் நுனியில் கண்ணுக்கே தெரியாத கரித்துகள் பூசியிருக்கிறதாம். இரும்பு துருப்பிடிப்பது போல உடம்பும் உள்ளுக்குள் துருப்பிடிக்குமாம். அந்தத் துருவைக் கருவி மோப்பம் பிடித்து எண்ணாகச் சொல்லிவிடுமாம். எப்போது பார்த்தாலும் குற்றம் கண்டுபிடிப்பதால் ஆட்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஆறுக்கு மேல் போனால் மூன்று மாதம் ஓய்வு. தாளில் அப்படித்தான் எழுதித் தருவார்கள். ஓய்வுக்குப் போனவர் யாரும் திரும்பி வந்து அவர் பார்த்ததில்லை.

நர்ஸ் எண்ணைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

“நீங்களுமாண்ணே? புளிப்பு மாத்திரையத் தின்னா துரு கொறையும்னு எந்தப் புண்ணியவான் கெளப்பிவிட்டான்? வாயில அந்தப் புளிப்பு இருந்தா மெஷினு அதையும் துருன்னுதான் நெனைக்கும். கூடத்தான் காட்டும். காலையிலேர்ந்து நீங்க அஞ்சாவது ஆளு!”

நிஜந்தான். வைட்டமின் மாத்திரை அட்டை ஒன்று காலையில் வரிசை நெடுகக் கைமாறி வந்தது. ஆளுக்கு ஒன்று. விழுங்காமல் சப்ப வேண்டும் என்று பேச்சு.

தொட்டிக்காரர் தலையைச் சொறிந்தார். மாட்டிக்கொண்டவரைப் போலச் சிரித்து வைத்தார்.

“போங்க, அந்தக் குழாயில நல்லா கொப்பளிங்க. அரை மணி கழிச்சு மறுபடி வெச்சுப் பாக்கலாம். இத நான் எழுதல.”

அறை மூலையில் இருந்த குழாயடிக்குப் போனார். கொப்பளித்தார். தொண்டைக் குழி வரைக்கும் தண்ணீரை விட்டுக் கரகரவென்று உருட்டித் துப்பினார். விரலால் நாக்கைத் தேய்த்தார். மறுபடி கொப்பளித்தார்.

கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் மனைவியின் தம்பி நின்றிருந்தான். அதே கொட்டகை, பக்கத்துத் தொட்டி. அவனுக்கும் முதலில் சிவப்புதான். கொப்பளித்துக் காத்திருந்து பச்சை வாங்கி உள்ளே போனவன்.

“பயப்படாதீங்க மாமா! எனக்குப் பத்து காட்டுச்சு, அப்புறம் நாலுக்கு எறங்கிடுச்சு. மாமியாரு சும்மா மெரட்டுறா!”

அவனோடு நின்ற ஆட்கள் சிரித்தார்கள். வாயில் தண்ணீரோடு அவரும் சிரித்தார்.

சங்கு ஊதியது. ஆட்கள் கொட்டகைக்குக் கலைந்தார்கள். மச்சினன் மட்டும் கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

“போடா, வேலையப் பாரு.”

அவன் போகவில்லை.

“இன்னொரு தடவ கொப்பளிங்க மாமா,” என்றான். இந்தத் தடவை குரல் மெதுவாக வந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான்.

அவர் வாய் நிறையத் தண்ணீர் பிடித்தார்.

“எனக்கு எதுக்குடா, கல்லு மாதிரி இருக்கேன். இருமுறது நீதானே, இதையும் தின்னு” என்று காலை வரிசையில் அவர் தன் பங்கை நீட்ட, அந்த மாத்திரையையும் சேர்த்துச் சப்பியவன் அவன்தான்.