ஊதினால்தான் சாவி

சாராய நெடி முதலில் வந்தது. ஜீப்பு டிரைவர் மொக்கச்சாமி பின்னால் வந்தான்.

டீ வடிகட்டிக்கொண்டிருந்த இருளம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். விடிந்தும் விடியாத நேரம். போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியாமல் மேகம் மூடிக் கிடந்தது. ஏலத் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற பெண்கள் சோற்றுத் தூக்கோடு கடை வாசலில் ஜீப்புக்குக் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி இருளம்மாளின் ஒரே மகள் பொன்னுமணி.

"ஊதுடா" என்றாள் இருளம்மாள்.

மலையடிவாரத்து முந்தலில் இது மூன்று வருஷத்து வழக்கம். அரசாங்கமே சாராயக் கடையைத் திறந்துவிட்ட பிறகு எந்த டிரைவர் எப்போது குடித்திருப்பான் என்று எந்தச் சாமிக்குத் தெரியும்? அப்படிக் குடித்துவிட்டு ஒருத்தன் ஓட்டிய ஜீப்புதான் பள்ளத்தில் விழுந்து இருளம்மாளின் புருஷனைக் கொண்டுபோனது.

காரியம் முடிந்த மறுநாளே பெண்கள் கூடிச் சொல்லிவிட்டார்கள். வண்டிச் சாவி ராத்திரி இருளம்மாளிடம் இருக்கும். காலையில் டிரைவர் அவள் முகத்துக்கு நேரே ஊதிக் காட்டி, அவள் கையால் சாவி வாங்கினால்தான் ஏறுவோம். ஜீப்பு முதலாளி காசிமாயன் தையாத் தக்கா என்று குதித்துப் பார்த்தார். ஆள் ஏறாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வார், அடங்கிவிட்டார்.

மொக்கச்சாமி ஊதினான். இருளம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏண்டா, நீயுமா? பீடிகூடத் தொடாத பயன்னு ஒன்னய ஊரெல்லாம் பெருமையாச் சொன்னேனேடா, பாவி!"

அவன் தலையைத் தொங்கப்போட்டான். நேற்றுப் பொழுது சாய அவனும் முதலாளியும் வண்டியருகே நின்று கத்திக்கொண்டதை அவள் பார்த்திருந்தாள். அந்தக் கோபத்தில்தான் குடித்துத் தொலைத்திருக்கிறான் என்று நினைத்தாள்.

"அப்ப இன்னிக்குச் சாவி இல்லையாக்கா?"

"செத்தாலும் தர மாட்டேன். கண்ணு முன்னால நிக்காத, போயிரு!"

"நல்லதுக்கா" என்றான்.

"பேச்சப் பாரு, நல்லதாம்ல!" என்று காறித் துப்பினாள் கருப்பம்மாள். "எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு நல்லதாம்!" அவன் திரும்பி நடந்தான். போடிக்குப் போகிற பஸ்சைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டான்.

பெண்கள் கையைப் பிசைந்தார்கள். நேரம் தப்பினால் கங்காணி வேலைக்குச் சேர்க்க மாட்டான். அப்போதுதான் கருப்பம்மாளின் கண்ணில் ராமர் பட்டார். மலைக்கு மேலே பூப்பாறையில் நிற்கும் தன் லாரியை எடுக்க இதே ஜீப்பில் போகலாமென்று டீ குடித்துக்கொண்டிருந்தவர்.

"அண்ணே, நீங்க ஓட்டுங்களேன். ஒங்களுக்குத் தெரியாத மலையா?"

"மல ரோடு எனக்குத் தண்ணிபட்ட பாடு. ஆனா முதலாளி கோவிச்சுக்குவாரே?"

"வண்டி நின்னாத்தேன் அவரு வய்வாரு. நீங்க வாங்கண்ணே."

வழக்கம் என்றால் வழக்கம்தான். இருளம்மாள் ராமரையும் ஊதச் சொன்னாள். டீ வாசனை மட்டும்தான் வந்தது. மகள் ஏறுகிற வண்டியாயிற்றே, சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் ஊதச் சொன்னாள். அப்புறம் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

ராத்திரி நிறுத்திப்போட்ட ஜீப்பு, கடையிலிருந்து பார்த்தால் தெரியாதபடி வளைவைத் தாண்டி மேட்டில் நின்றது. ராமர் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"நாலு சக்கரத்துக்குமாடா கல்லப் போடுவான்? வண்டியென்ன எந்திரிச்சு ஓடியா போயிரும்?"

பெண்களும் சிரித்துக்கொண்டே கல்லைப் புரட்டித் தள்ளிவிட்டு ஏறினார்கள். பொன்னுமணி பின்னால் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள்.

"பாத்துப் போங்கண்ணே, மேகம் எறங்கிக் கெடக்கு" என்றாள் வழியனுப்பக் கூட வந்த இருளம்மாள்.

"ஒரு சொட்டுக் குடிக்காதவன் கையில புள்ளயக் குடுத்திருக்க ஆத்தா. நிம்மதியாப் போயிச் சோலியப் பாரு."

ஜீப்பு மேகத்துக்குள் போனது. முதல் வளைவில் உறுமியது, அடுத்ததில் உறுமியது, அப்புறம் சத்தம் கேட்கவில்லை. புருஷனைத்தான் விட்டுவிட்டோம், மகளையாவது காப்பாற்றினோமே என்று இருளம்மாளுக்குக் கண் கலங்கியது. கும்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பினாள்.

வெயில் ஏறும் நேரத்துக்கு வந்த போடி பஸ்சிலிருந்து மொக்கச்சாமி குதித்து இறங்கினான். கூடவே தோளில் பையோடு மெக்கானிக் சோணை. அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுடா திரும்ப வந்த?"

"வய்யாதக்கா. நான் எங்க குடிச்சேன்? வாயில ஊத்திக் கொப்பளிச்சுத் துப்புனேன், அம்புட்டுத்தேன்." அவன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பிரேக்கு ஆயிலு ஒழுகுதுக்கா. மொத நாலஞ்சு மிதிக்குப் புடிக்குது, அப்பறம் மிதிச்சா தரையத் தொடுது. முதலாளிகிட்டச் சொன்னா, பேசாம ஓட்டு, சனங்க காதுல போட்டேன்னா நீ குடியிருக்க என் வீட்டக் காலி பண்ணிட்டுப் புள்ளகுட்டியோட ரோட்டுக்குப் போன்னுட்டாரு. நாறிக்கிட்டு வந்து நின்னா நீ வண்டிய நகரவே விடமாட்டேல்ல? அதேன்."

இருளம்மாள் மலை ரோட்டைப் பார்த்தாள். கை இடுப்பைத் தடவியது.

மொக்கச்சாமி சந்தோஷமாகக் கையை நீட்டினான்.

"முதலாளி வர்றதுக்குள்ள வெரசாச் சரிபண்ணிருவோம், சாவியக் கொண்டாக்கா."